அக்காவின் கட்டுப்பாடு

என் அக்காவைப் போல ஆசையை அடக்கத் தெரிந்த மனுஷியை எங்கள் தோட்டத்தில் நான் கண்டதில்லை. சீனிக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் எல்லோரும் கடை வாசலில் நின்று முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தோம். அக்கா ஒரு காலையில், "இனிமே எனக்கு சீனி போடாத" என்றாள். பிறகு சீனி தாராளமாகக் கிடைத்தபோதும் அவள் குடிக்கிற பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியில் அது விழவேயில்லை. கோபம் வந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டாள். வெளியே போய் விறகு பிளப்பாள். கோபம் தீர்ந்த பிறகு விறகை அடுக்கிவிட்டு உள்ளே வருவாள்.

அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தது அவள்தான். எனக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டு, தான் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்துவிட்டாள். என் கணவருக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாதத்தில் ஒரு தடவை வருவார். மற்ற நாட்களில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து வீட்டில் நான், அக்கா, என் மகள் மூன்று பேர்தான். நான் இறப்பர் மலையில் பால் வெட்டுகிறேன். அக்கா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டாள். விடிந்தும் விடியாமலும் மலைக்குப் போகிற தாய்மார் தங்கள் சிறுபிள்ளைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். ஏழெட்டுப் பிள்ளைகள் இருக்கும். என் மகளும் அதில் ஒருத்தி. அக்காவின் கையில் பிள்ளையை விட்டுப் போனால் தாய்க்கு மனம் பாரமில்லாமல் இருக்கும் என்று எல்லோருமே சொல்வார்கள்.

சித்திரை வருஷம் முடிந்ததும் யட்டியாந்தோட்டைப் பக்கம் கானிவல் போடுவார்கள். நான் சிறுமியாக இருந்தபோது அக்கா என்னைக் கூட்டிப் போவாள். வளையம் எறிந்து பொருளை வெல்லும் கடையின் முன்னால் நெடுநேரம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். "மொதல்ல ஆட்டத்த பாக்காத. ஆட்டத்த நடத்துறவன் கைய பாரு" என்பாள். பிறகு கொஞ்சம் வளையம் மட்டும் வாங்குவாள். ஒரு வருஷம் தண்ணீர்க் குவளை ஒன்று வென்றாள். இன்னொரு தடவை எறியலாம் என்று நான் அழுதேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "ஆசை இருக்கிறப்பவே வந்துறணும்டி. ஆசை தீர்ந்த பொறகு வர்றதுக்குப் பேரு கட்டுப்பாடு இல்ல."

ஆகவே, அந்தக் கானிவல் அவளுடைய போனுக்குள் வந்தபோது நான் பயப்படவில்லை.

தோட்டத்து ஆபீஸிலிருந்து பிள்ளைக் காம்பராவுக்கான அறிவித்தல்களைப் போனில் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். அதற்காகத்தான் அக்கா அந்தப் போனை வாங்கினாள். விளம்பரமாக எப்படியோ அதில் இந்த விளையாட்டு வந்து சேர்ந்தது. திறந்தால் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கூடாரம். கலர் பல்புகள் எரியும். பேண்ட் வாத்தியம் ஒன்று விடாமல் ஒலிக்கும். தொப்பி போட்ட ஒரு பெண் கையசைத்துக் கூப்பிடுவாள். பலூன் உடைப்பது, மிதக்கிற வாத்துக்கு வளையம் போடுவது, பெரிய கலர்ச் சக்கரம் சுற்றுவது எல்லாம் உண்டு. காசு வைத்து விளையாட வேண்டும். ஜெயித்தால் திரையில் எழுத்து விழும்: "வாழ்த்துகள்! நீங்கள் அதிர்ஷ்டம் ஆகிறீர்கள்." யாரோ தமிழ் தெரியாதவர்கள் எழுதியது. நானும் அக்காவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அக்கா உடனே காசு வைக்கவில்லை. பல நாட்கள் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "யாரு நடத்துறான்னு பாக்கணும்ல?" என்றேன், கேலியாக.

"இதுல ஆள் தெரியாது" என்றாள் அக்கா. "அதனால நம்ம கையத்தான் பாத்துக்கணும்."

பிறகு தனக்கென்று சட்டங்கள் போட்டுக்கொண்டாள். வாரத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு சின்னத் தொகை. அது முடிந்தால் அடுத்த வாரம்வரை தொடக்கூடாது. தொடர்ந்து மூன்று தடவை தோற்றால் அன்றைக்கு மூடிவிட வேண்டும். ஜெயித்ததில் பாதியை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். கோபமாக இருக்கும்போது, சம்பள நாளில், உடம்பு சரியில்லாதபோது கையே வைக்கக்கூடாது. எல்லாம் மனதில்தான். ஒன்றையும் அவள் மீறவில்லை. சில வாரம் போனது, சில வாரம் வந்தது. வந்த காசில் பிள்ளைக் காம்பராவுக்குப் புதுப் பாய்கூட வாங்கிப் போட்டாள்.

அந்த நேரத்தில் மேல் லயத்து அண்ணன் ஒருவர் இதே விளையாட்டில் வீட்டு டிவியையும் மனைவியின் காதுத் தோட்டையும் விட்டிருந்தார். அவருடைய மனைவி எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து அழுதாள். அவள் போன பிறகு அக்கா சொன்னாள்: "அவனுக்கு வெளயாடத் தெரியுது. நிறுத்தத் தெரியல." அவளுடைய குரலில் இரக்கம் இல்லை. எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அவள் சொன்னது உண்மைதானே என்றும் நினைத்தேன்.

எப்போது அது மாறியது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மாறியதாகவே வெளியில் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

விளையாட்டு புதிது புதிதாக ஏதாவது கொடுக்கும். காசு வைக்காவிட்டாலும், ஒருநாளும் விடாமல் தினமும் திறந்து பார்க்கிறவர்களுக்குக் கூடாரத்தில் ஒரு கொடி ஏறும். ஒருநாள் தவறினால் எல்லாக் கொடியும் விழுந்துவிடும். வேலை வெட்டியில் மறந்துபோகிற எங்களைப் போன்றவர்களுக்கு அது சரிப்படாது. அக்காவோ விரத நாளையும் மருந்து நேரத்தையும் மறக்காதவள். அவளுடைய கூடாரத்தில் கொடிகள் நிறைந்துகொண்டே போயின. பிறகு காலை பதினொரு மணிக்கு "மகிழ்ச்சி நேரம்" என்று ஒன்று வந்தது. அந்த நேரத்தில் சக்கரம் சுற்றினால் இரண்டு மடங்கு. அக்கா அதையும் தன் சட்டத்தில் சேர்த்துக்கொண்டாள். பதினொரு மணிக்கு மட்டும். வேறு நேரத்தில் போனைத் தொடமாட்டாள். அதே சின்னத் தொகைதான்.

ஒரு லீவு நாளில் அவள் விளையாடும்போது பக்கத்திலிருந்து பார்த்தேன். சக்கரம் சுற்றும்போது அவள் மூச்சு விடவில்லை. ஜெயித்தாள். முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. தோற்றாள். அப்போதும் ஒன்றுமில்லை. கட்டைவிரல் மட்டும் கண்ணாடியின் மேல் அசையாமல் காத்துக்கொண்டிருந்தது. "அக்கா" என்று கூப்பிட்டேன். இரண்டாம் தடவை கூப்பிட்டேன். மூன்று தோல்வி வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "என்னாடி?" என்று திரும்பினாள். அப்போதுதான் என் குரல் அவளுக்குக் கேட்டது போலிருந்தது.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் நடுவீட்டில் உருளைக்கிழங்கை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அக்கா அலமாரியிலிருந்து போனை எடுத்தாள். பேண்ட் வாத்தியம் ஒலித்தது. மகள் கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள். அப்படியே தரையில் நீட்டிப் படுத்தாள். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். தூக்கமில்லை. இமை துடித்துக்கொண்டிருந்தது. யாரும் அவளைப் படுக்கச் சொல்லவில்லை.

மீன் கையோடு நான் அங்கேயே நின்றேன்.

"ஏன் அக்கா இவ இப்படிப் படுக்குறா?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பழக்கம். காம்பராவுல அந்த நேரத்துக்குத் தூங்க வைக்கிறேன்ல."

"பதினோரு மணிக்கா? சோறு தின்னுட்டுத்தானே தூங்குவாங்க?"

"கொஞ்சம் முன்னுக்குப் போட்டேன். புள்ளைங்களுக்கு நல்லதுதான். ஒரு சத்தம் இல்ல."

விளையாட்டு முடிந்து அவள் போனைக் கவிழ்த்தாள். மகள் கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்து, மறுபடி கிழங்கை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு இரவு முழுக்க ஏதோ சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். என்ன சொல்வது? காசை அழிக்கிறாயா என்று கேட்கலாம், அழிக்கவில்லை. பிள்ளைகளை அடிக்கிறாயா என்று கேட்கலாம், அவள் கையோங்கியதே இல்லை.

மழைக்காலம் தொடங்கியது. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. அப்படிப்பட்ட நாட்களில் எங்களைச் சில்லறை வேலைக்கு விடுவார்கள். கான் வெட்டுவது, புல் செதுக்குவது. அன்றைக்கு நாங்கள் மேல் மலையில் தண்ணீர் ஓடும் கானில் அடைத்திருந்த மண்ணை அள்ளிக்கொண்டிருந்தோம். காலையிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்தது. பிறகு மலைக்குப் பின்னால் வானம் கரிச்சட்டி போல இருண்டது. கங்காணி, "இன்னைக்குப் போதும், எறங்குங்க" என்றார். மற்றவர்கள் மண்வெட்டிகளைக் கழுவ நின்றார்கள். நான் நிற்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று குறுக்குப் பாதையில் இறங்கினேன்.

பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் ஒரு ஓடை உண்டு. வெயில் காலத்தில் கணுக்கால்கூட நனையாது. அன்றைக்கு அதன் இரைச்சல் பாதி மலையிலேயே எனக்குக் கேட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகள் புதுப் பாயில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். எல்லோருடைய கண்ணும் மூடியிருந்தது. ஒருவருக்கும் தூக்கமில்லை. மின்னல் வெட்டியபோது எல்லா இமையும் ஒன்றாகத் துடித்தன. அக்கா சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். என்னைப் பார்த்ததும் இடது கையை உயர்த்தி, "இரு" என்பதுபோலக் காட்டினாள். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் பாயைப் பார்த்தேன். கடைசியில் என் மகளின் சின்னத் தலையணை இருந்தது. அவள் இல்லை.

"அக்கா, எங்க இவ?"

"படுத்திருக்கா" என்றாள்.

"இல்ல அக்கா!"

அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். தலையணையைப் பார்த்தாள். பின்கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் விலகிக் கதவு காற்றில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. போன் அவள் மடியிலிருந்து விழுந்தது. தரையில் கிடந்தபடி அது கைதட்டிக்கொண்டிருந்தது.

நாங்கள் இருவரும் பின்பக்கம் ஓடினோம். ஈர மண்ணில் சின்னக் கால் தடம் ஓடைப் பக்கமாகப் போயிருந்தது. பிறகு புல். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஓடை செம்மண் நிறத்தில் கரை முட்டிப் போய்க்கொண்டிருந்தது. மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். தண்ணீரின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா மேலே ஓடினாள், நான் கீழே ஓடினேன். கல்லில் வழுக்கி விழுந்து எழுந்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் வேண்டாத சாமியில்லை. பன்சலையில் இருக்கிற புத்தரையும் கோயிலில் இருக்கிறவளையும் சேர்த்தே கூப்பிட்டேன்.

கீழே வளைவிலிருந்து தோட்டத்துக் காவல்காரரான வாச்சரின் குரல் வந்தது. வயதான சிங்கள மனிதர். "நங்கி! துவா மெஹே! துவா மெஹே இன்னவா!" பிள்ளை இங்கே இருக்கிறாள் என்று இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிட்டார்.

ஓடையின் ஓரத்தில் தட்டையான ஒரு பாறை உண்டு. நாங்கள் துணி துவைக்கிற பாறைதான். அதைச் சுற்றித் தண்ணீர் ஏறி, பாறை மேலும் அடித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் என் மகள் படுத்திருந்தாள். கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. கண் இறுக மூடியிருந்தது. ஒரு நொடி, உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன். வாச்சர் ஐயா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவளைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். தலை முதல் கால்வரை நனைந்து குளிர்ந்திருந்தாள். என் தோளில் போட்டதும் இருமினாள். தண்ணீர் கக்கினாள். அதற்குப் பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"கண்ணத் தொறடி, அம்மாடி" என்றேன். "அம்மாதான்டி."

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

கரவனெல்ல ஆஸ்பத்திரியில் அவளைச் சில நாள் வைத்திருந்தார்கள். நெஞ்சில் சளி கட்டியிருந்தது, காய்ச்சல் இருந்தது. பிறகு இறங்கியது. டாக்டரம்மா தினமும் வந்து பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார். கணவரும் கொழும்பிலிருந்து வந்துவிட்டார். எப்படி நடந்தது என்று கேட்டார். கதவு திறந்திருந்தது, வெளியே போய்விட்டாள் என்றேன். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் அழவில்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு மத்தியானம் நாங்கள் இருவரும் மட்டும் இருந்தபோது மெதுவாகச் சொன்னாள்:

"ஒரு ரூபா கூடுதலா வைக்கலடி நான்."

நான் பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டேன்.

"நெசமாத்தான். அன்னைக்கும் அளவோடதான் வெளயாடினேன். மூணாவது தோத்தா மூடியிருப்பேன்."

தப்பிக்கப் பேசுகிறாள் என்று நினைத்தேன், கோபம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபம் போய்விட்டது. அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. எல்லாச் சட்டத்தையும் சரியாகக் காப்பாற்றிய ஒருத்தி, எங்கே தவறினோம் என்று தேடிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஓடையைக்கூட மறந்துவிடுவேன்.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் அக்கா தானாகவே ஆபீஸுக்குப் போனாள். கதவைக் கவனிக்கவில்லை, இந்த வேலை தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். போனைப் பற்றிச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. அவளை மலை வேலைக்குப் போட்டார்கள். விளையாட்டை அழித்தாள். ஆனாலும் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. "உங்கள் கொடிகள் உங்களை அழுகின்றன." "நாங்கள் உங்கள் வீட்டை அறிவோம், வெகுமதி அனுப்ப." யாரோ மொழி தெரியாமல் எழுதியதுதான் என்று தெரியும். முன்பு போல இப்போது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் சிம்மையே வெட்டிப் போட்டுவிட்டாள்.

வாரங்கள் கழித்து, மலையில் என் பக்கத்தில் புல் செதுக்கிக்கொண்டிருந்த அக்கா திடீரென்று நிறுத்தினாள். "காசு காசுன்னு அதையே காவல் காத்துக்கிட்டு இருந்தேன். அது எங்கிட்ட கேட்டது காசு இல்ல போல" என்றாள். பிறகு மறுபடி செதுக்கத் தொடங்கினாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை, இந்த வருஷம்வரை.

இந்த வருஷம் பிள்ளைக் காம்பராவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். கொடகவெலப் பக்கம் பிறந்து, எங்கள் தோட்டத்துக்குக் கல்யாணமாகி வந்தவள். நல்ல பிள்ளை. சிரித்த முகம். ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க அந்த கானிவல்ல ரொம்ப கட்டுப்பாடா வெளயாடுவீங்கன்னு லயத்துல சொன்னாங்க. எனக்கும் சொல்லித் தர்றீங்களா? நான் காச ரொம்ப விட்டுட்டேன்."

அக்கா பிடித்திருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "எப்ப வெளயாடுவ?"

"புள்ளைங்க தூங்குறப்ப மட்டும்தான் அக்கா. வேற நேரம் தொடவே மாட்டேன்."

அக்கா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பாய், பின்கதவு, ஓடை, பாறை எல்லாம். நான் சொல்லத் தயங்கியதையும் அவள் விடவில்லை. ஆட்டம் முடியும்வரை கண்ணை மூடிப் படுக்கப் பழகிய என் மகள், தண்ணீர் சூழ்ந்த பாறையிலும் அப்படியே படுத்திருந்தாள் என்பதைச் சொல்லும்போது மட்டும் குரல் நின்றது. அந்தப் பெண்ணுக்கும் கண் கலங்கியது. "ஐயோ பாவம் அக்கா" என்றாள்.  எழுந்து போகும்போது, "நான் பார்த்துக்கிறேன் அக்கா. எனக்கு எப்ப நிறுத்தணும்னு நல்லாத் தெரியும்" என்றாள்.

அக்கா, லயத்தார் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போய் அங்கே நின்ற தாய்மாரிடமும் சொன்னாள். இரண்டொருவர் பயந்தார்கள். ஒருத்தி, "அந்தப் புள்ள நல்ல புள்ள அக்கா" என்றாள். பயந்தவர்களுக்கும் பிள்ளையை விட வேறு இடமில்லை. ஆபீஸில் சொன்னோம். விசாரிப்பதாகச் சொன்னார்கள். தச்சர் வந்து பின்கதவில் உயரமாக ஒரு தாழ்ப்பாள் அடித்துவிட்டுப் போனார்.

இப்போது மலையில் பதினொரு மணி ஆவதற்கு முன்னால் அக்கா மண்வெட்டியைக் கீழே வைக்கிறாள். யாரிடமும் கேட்பதில்லை. குறுக்குப் பாதையில் இறங்கிப் போய், பிள்ளைக் காம்பராவின் பின்பக்கம், கதவுக்கும் ஓடைக்கும் நடுவில், ஒரு கல்லில் உட்கார்ந்துகொள்கிறாள். மழை பெய்தால் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொள்கிறாள். பிள்ளைகள் சோறு தின்னும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து வருவாள். கங்காணி அவளுக்கு அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்தான், போடுகிறார். மறுநாளும் அக்கா இறங்கிப் போகிறாள்.